நூல் கட்டிய வாசல்

தலைக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்தும் மாமனாரின் வாய் மூடவில்லை. மருமகள் அதை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தாள்.

"துண்டைக் கொண்டா," என்றாள் மாமியார்.

சுருட்டிய துண்டை மோவாய்க்கு அடியில் கொடுத்ததும் வாய் மூடிக்கொண்டது. மாமியார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள்.

"தூங்குற மாதிரி இருக்கா?"

"அத்தை, இது தப்பில்லையா?"

"தப்புதான். ஆபீஸர் வந்து பார்த்துட்டுப் போகட்டும். அழுறதை அப்புறம் அழுதுக்கலாம்."

மருமகள் போர்வையின் மடிப்பை நீவிவிட்டாள். காலையில் டீ கொண்டுபோய்த் தொட்டு எழுப்பியபோது அவர் கை சில்லிட்டிருந்தது. அந்தக் கணத்தில் அவள் மனதில் முதலில் வந்தது, 'இன்னைக்குத்தானா மாமா?' என்பதுதான். பெற்ற அப்பனைப்போலப் பார்த்துக்கொண்ட மனிதர் கிடக்கும்போது இப்படியும் ஒரு நினைப்பு வருமா என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆனால் வராமல் என்ன செய்யும்? வீடே ஒரு கூடம், ஓர் உள்ளறை, ஒரு சமையலறைதான். பக்கவாதம் வந்து அவர் படுத்ததிலிருந்து கூடம் அவர் கட்டிலுக்குப் போய்விட்டது. பிள்ளைகளோடு மாமியார் உள்ளறையில். புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் காலை மடக்கிப் படுத்தார்கள். பக்கவாட்டில் ஓர் அறை கட்டினால் எல்லோரும் மூச்சுவிடலாம். ஆனால் பக்கத்து மனையை ஒட்டி விடவேண்டிய இடம் போதாதென்று நகராட்சியில் ஒருமுறை மனுவைத் திருப்பியனுப்பிவிட்டார்கள். படுத்த படுக்கையாக ஒருவர் வீட்டில் இருந்தால் மட்டும் விதியைக் கொஞ்சம் தளர்த்துவார்களாம். அதற்கும் ஆபீஸர் நேரில் வந்து ஆளைப் பார்க்க வேண்டும். நடையாய் நடந்து வாங்கிய நாள் இன்று.

கொத்தனார் முளையடித்து, நூல் கட்டி, அறையின் அளவைத் தரையில் காட்டிவிட்டுப் போயிருந்தார். வாசலுக்கு மட்டும் ஓர் இடைவெளி. மாமனார் பஸ் கண்டக்டராக இருந்தவர். பாதிப் பேச்சு போயும் அதிகாரம் போகவில்லை. கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாக அந்த நூலைக் காவல் காத்தார். துணி உலர்த்தப் போகிறவர்கள்கூட இடைவெளி வழியாகத்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி குழம்புக் கிண்ணத்தோடு நூலைத் தாண்டி வந்தால் போதும், குழறிக் குழறிக் கத்துவார்: "சுவத்துக்குள்ள பூந்து வர்றா பாரு! வாசல்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கு?" அவளும் வேண்டுமென்றே மறுநாளும் தாண்டுவாள்.

பிள்ளைகள், தாத்தா தூங்குகிறார் என்று நம்பிப் பள்ளிக்கூடம் போயிருந்தன. லாரி ஓட்டப் போன புருஷனுக்கு மட்டும் சொல்லியாயிற்று.  அவன் ஃபோனில் முதலில், "ஆபீஸர் வந்தாச்சா?" என்று கேட்டான். கேட்டதும் ஓவென்று அழுதான்.

சொன்ன நேரம் தாண்டியும் ஆபீஸர் வரவில்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மருமகள் வெளியே ஓடி எட்டிப் பார்த்தாள்.

"என்ன, பெரியவர் சத்தத்தையே காணோம்?" பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ராத்திரி சரியா தூங்கல அக்கா. இப்பதான்..."

"சரி சரி, தூங்கட்டும். கொழுக்கட்டையை முழுங்கின மாதிரி முழிச்சுக்கிட்டு நீ ஏன் நிக்கிற? போய் ஏதாவது சாப்பிடு."

வெயில் ஏறிய பிறகுதான் ஆபீஸர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு நேராக அளக்க ஆரம்பித்தார். டேப்பின் ஒரு நுனியை அவள் பிடித்தாள். நுனி ஆடியது. "நேரா பிடிம்மா," என்றார். பிறகு இடைவெளிக்கு வந்ததும் நின்றார்.

"இதுதான் வாசலா? சக்கர நாற்காலி எப்படி உள்ள போகும்? கை ரெண்டும் இடிக்குமே."

அவளைக் கேட்காமலே ஒரு முளையைப் பிடுங்கித் தள்ளி வைத்து, கல்லால் ஓங்கி அடித்தார். அடித்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயையோ, தூங்குறாரா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கூடத்துக்குள் அவர் பூனைபோல் அடிவைத்து வந்தார். மாமியார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குழந்தையைத் தட்டுவதுபோல் புருஷனின் மார்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்பதான் கண் அசந்தார்," என்றாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

"எழுப்ப வேண்டாம்மா," என்று ஆபீஸர் கிசுகிசுத்தார். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். மருமகளுக்கு அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. வண்டிவரை பின்னாலேயே போனாள்.

வண்டியில் ஏறியவர் திரும்பினார். "எங்கப்பாவும் இப்படித்தான் கிடந்தார். பாவம், ஜன்னல் பக்கமா படுக்கணும்னு கேட்டுக்கிட்டே இருப்பார். அனுமதி போட்டுடறேன். எழுந்ததும் சொல்லுங்க, வாசலை அகலமாக்கியாச்சுன்னு."

அவள் உள்ளே போனபோது மாமியார் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சிடுச்சு அத்தை. வாசலைக்கூட அகலமாக்கினார். மாமா எழுந்ததும் சொல்லச் சொன்னார்."

தட்டிய கை நின்றது. மாமியார் குனிந்து அவர் காதருகே போனாள். "கேட்டுச்சா? வாசலை அகலமாக்கிட்டாங்களாம்." அதற்குப் பிறகுதான் அழுதாள். காலையிலிருந்து அடக்கியதெல்லாம் ஒரே குரலாக வெளியே வந்தது.

சாயங்காலம் மகன் வந்து சேர்ந்தான். கூட்டம் கூடத்தில் அடங்கவில்லை. கட்டிலோடு தூக்கி வெளியே போடலாம் என்றார்கள். முன்னால் பிடித்தவர் மாமனாரோடு வேலைபார்த்த டிரைவர்.

"யாராவது அந்த நூலை அறுத்து விடுங்கப்பா, கால் தடுக்குது."

"அறுக்காதீங்க!" என்றாள் மாமியார். "வாசல் அந்தப் பக்கம் இருக்கு."

 கட்டிலைத் திருப்பினார்கள். மருமகள் முன்னால் ஓடி முளையருகே நின்றுகொண்டாள். கட்டில் இரு பக்கமும் நூலில் உரசாமல் உள்ளே போனது. ஜன்னல் வருவதாக இருந்த பக்கம் தலையை வைத்து இறக்கினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். நூலருகே வந்ததும் தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுற்றிப் போய், வாசல் வழியாக உள்ளே வந்தாள்.