எலிக்குக்கூடப் போடாத மருந்து

ஆய்வகத்து ஃப்ரிட்ஜைத் திறந்த ஆனந்தவல்லி குப்பிகளை இரண்டு தடவை எண்ணினாள். காலையில் வைத்த குப்பிகளில் ஒன்றைக் காணோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் புற்றுநோய் மருந்து ஆராய்ச்சி செய்கிறவள் அவள். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளுக்குள் மருந்தை அடைத்து, அதன்மேல் ஆன்டிபாடி என்ற புரதத்தை ஒட்டவைக்க வேண்டும். ஆன்டிபாடி புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இந்தத் தடவை ஒட்டும்போதே துகள்கள் கட்டிதட்டிவிட்டன. எலிக்குக்கூடப் போட லாயக்கில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த குப்பிகள் அவை.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த அண்ணன் முத்துப்பாண்டி, "அம்மாவோட நோய்க்கான மருந்து எதுட்டி?" என்று கேட்டான். அவளும் கெட்டுப்போனதைச் சொல்லாமல் பெருமையாகக் காட்டினாள். பட்டாளத்தில் ஊசி போடப் பழகியவன் அவன்.

போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான்.

ராஜபாளையம் பஸ்ஸில் அவளால் உட்காரவே முடியவில்லை. கட்டிதட்டிய துகள் ரத்தத்தில் ஏறினால் நேரே நுரையீரலில் போய் அடைக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டரை அடிக்கலாம்போல் இருந்தது.

வீட்டுக்குள் ஓடினாள். அம்மா கருத்தம்மாவின் கையில் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றப் போட்ட வென்ஃப்ளான் குழாய் அப்படியே இருந்தது. அதன் வாயில் ஊசியை வைத்து அண்ணன் மெல்ல அழுத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணே, விடு! அது கெட்டுப்போனது!"

பாதி ஏறியிருந்தது.

முத்துப்பாண்டி ஊசியை வெடுக்கென்று உருவினான். "நீதான சொன்னே, நோயை மட்டும் தேடிப் போகும்னு..."

அவன் முடிப்பதற்குள் அம்மாவுக்கு இருமல் வந்தது. பொறவு மூச்சு இழுத்தது. உதடு நீலம் பாரித்தது. ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு போனார்கள். டாக்டரிடம் ஆனந்தவல்லி எதையும் மறைக்கவில்லை. மிச்சம் இருந்த ஊசியையும் கொடுத்தாள். வேலை போனாலும் போகட்டும், அம்மா பிழைத்தால் போதும்.

பொழுது சாயும்போது மூச்சு ஒருவழியாகச் சீரானது. கண்டம் தாண்டியாச்சு என்றார் டாக்டர்.

அம்மா ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கினாள்.

"அவன ஏசாதட்டி. நாந்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன்."

"எதுக்கும்மா?"

"இன்னும் எம்புட்டு நாளு இந்த வலியத் தாங்க? பாதிதான ஏறுச்சு? பொழச்சுட்டேன்ல. நல்லதா ஒண்ணு செஞ்சா எனக்குத்தான் மொதல்ல போடணும்."

அம்மாவின் கண்ணில் துளி பயமில்லை. ஆனந்தவல்லி அம்மாவின் கையைப் பொத்திப் பிடித்தாள். அண்ணன் டீ வாங்கிவந்து நீட்டினான். பிடித்த கையை அவள் எடுக்கவேயில்லை.