சம்பந்திக்கு ஒரு சிவப்பு அட்டை

நான் ஃபுட்பால் நடுவரானது சமூக சேவைக்காக என்று எங்கள் சர்ச்சின் பங்குச் செய்திமடலில் போட்டிருந்தார்கள். பச்சைப் பொய். வாய்க்கொழுப்பால் ஆனேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஞாயிறு பூசை முடிந்ததும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு லீக் நடக்கும். இடைவேளையில் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுச் சுளை கொடுப்பது என் பொறுப்பு. ஒரு ஞாயிறு, த்ரோ-இன் எறிந்த பந்து யார் மீதும் படாமல் நேராகக் கோலுக்குள் போய் விழுந்தது. அன்றைய நடுவர் கோல் என்று கையைக் காட்டினார். "அது எப்படி சார் கோலு? கோல் கிக் இல்ல குடுக்கணும்?" என்று ஆரஞ்சுக் கூடையோடு கத்தினேன். இருபத்துநான்கு வருஷம் கணக்கு டீச்சராகக் கத்திய தொண்டை. மைதானமே திரும்பிப் பார்த்தது.

லீக்கை நடத்துகிற வின்சென்ட் ஓடி வந்தார். "அல்போன்சா டீச்சர், ரூல்ஸ் எல்லாம் இவ்ளோ தெரியுதே, நீங்களே ரெஃபரி கோர்ஸ் பண்ணிடுங்க. நமக்கு ஆளே இல்ல" என்றார். ஏன் ஆளே இல்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கோர்ஸ் இரண்டு நாள். வகுப்பில் முப்பது பேர். என்னைத் தவிர எல்லோரும் என்னிடம் படித்திருக்கக்கூடிய வயது, அதில் இருவர் நிஜமாகவே படித்தவர்கள். அந்த இருவரும் என்னைக் கண்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்கள். எழுத்துத் தேர்வில் நான் முதலாவதாக வந்தேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, மற்றவர்கள் கேள்வியையே படிக்கவில்லை. ஓட்டத் தேர்வுதான் உயிரை வாங்கியது. ஓடு, நட, மறுபடி ஓடு, மறுபடி நட. நாற்பத்தொன்பது வயது முழங்காலுக்கு இதெல்லாம் தேவையா? என் கணவர் ஹெர்பர்ட் ஓரமாக நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். எப்படியோ பாஸாகிவிட்டேன். சிவாஜிநகரில் விசிலும் அட்டைகளும் கறுப்புச் சட்டையும் வாங்கப் போனபோது, கடைக்காரர் "பையனுக்கா மேடம்?" என்று அன்பாக விசாரித்தார்.

பிள்ளைகள் தங்கம். விழுவார்கள், எழுவார்கள், எதிர் டீம் பையனிடமே ஷூ லேஸைக் கட்டிவிடச் சொல்வார்கள். கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோர்கள்தான் மகான்கள். "மேடம், கண்ணு காணல்வா?" என்று, கண் தெரியவில்லையா என்பதை ஒருவர் கன்னடத்தில் கேட்பார். "க்யா மேடம், நை திக்தா க்யா?" என்று இன்னொருவர் அதையே இந்தியில் கேட்பார். என் கண் மேல் இந்த ஊருக்கே அவ்வளவு அக்கறை. ஒரு சாஃப்ட்வேர் அப்பா ட்ரைபாடில் ஃபோனை மாட்டி வைத்து, நான் விசில் ஊதும்போதெல்லாம் அதை ஓட்டிப் பார்த்து எனக்கு மார்க் போடுவார். த்ரோ-இன்னுக்கு ஆஃப்சைடே கிடையாது என்று அவரிடம் மூன்று ஞாயிறு சொன்னேன். "எங்க காலத்துல இருந்துச்சு மேடம்" என்றார். அவர் காலத்தில் அவர் கேரம்தான் ஆடியிருப்பார்.

இதையெல்லாம் சமாளித்துவிட்டேன். வினை வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

என் ஒரே மகள் குளோரியா, கூட வேலை பார்க்கும் டேரிலை விரும்பினாள். நல்ல பையன், சிரித்த முகம், அதிர்ந்து பேசமாட்டான். ஆகஸ்டில் நிச்சயதார்த்தம் முடிந்து மோதிரம் மாற்றியாயிற்று. ஜனவரியில் கல்யாணம். டேரிலின் அப்பா பெர்னார்ட் அதே லீக்கில் ஒரு டீமுக்குக் கோச். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் கிளெமென்ட் அந்த டீமின் ஃபார்வர்ட். அக்டோபரில் அந்த டீம் அரையிறுதிக்கு வந்தது. ஆட்டத்தன்று காலை போனால், நடுவராக என் பெயரைப் போட்டிருந்தார்கள்.

"வின்சென்ட், அது எங்க சம்பந்தி டீம். வேற யாரையாச்சும் போடுங்க" என்றேன்.

"ஹெப்பகோடில இருந்து வர்ற ரெஃபரிக்கு பைக் பஞ்சராம் டீச்சர். எதிர் டீம் கோச்ச கேட்டுட்டேன், டீச்சர்னா பரவால்லன்னுட்டாரு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார் வின்சென்ட். கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்கிற அந்தக் கன்னட வார்த்தைக்கு இந்த ஊரில் மேல்முறையீடு கிடையாது.

பெர்னார்ட் என்னைப் பார்த்ததும் மைதானத்துக்கே கேட்கும்படி, "வாங்க சம்பந்தியம்மா! பசங்களா, நம்ம வூட்டு ரெஃபரிதான், தைரியமா ஆடுங்கடா" என்றார். எதிர் டீம் பெற்றோர்கள் என்னைப் பார்த்த பார்வையில் கறுப்புச் சட்டை கருகியிருக்கும். ஹெர்பர்ட் என் காதருகே வந்து, "பொண்ணு வாழ்க்கை அல்போன்சா. பாத்து ஊது" என்றார். பார்த்து ஊதத்தானே கோர்ஸே படித்தேன் என்று நான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

முதல் நாள் ராத்திரி மழை. தரையெல்லாம் செம்மண் சேறு. பெர்னார்ட் அரையிறுதிக்காகத் தன் பிள்ளைகளுக்கு முழுக்கை வைத்த வெள்ளைச் சட்டை புதிதாகத் தைத்துப் போட்டிருந்தார். இரண்டு டீமும் ஆளுக்கொரு கோல் அடித்து ஆட்டம் சமமாக நின்றது. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பெர்னார்ட் டீமுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கோல் முன்னால் பத்துப் பிள்ளைகள் குவிந்து நிற்க, பந்து வந்தது, கிளெமென்ட் குதித்தான், பந்து உள்ளே போயிற்று. நான் கோல் என்று ஊதிவிட்டேன். பெர்னார்ட் குடையைத் தூக்கிக்கொண்டு ஆடினார்.

எதிர் டீம் கோல்கீப்பர் அழுதுகொண்டே வந்து, "ஹேண்ட் மிஸ், ஹேண்ட்" என்றான். பிள்ளைகள் ஆட்டத்தில் லைன்ஸ்மேன் எல்லாம் கிடையாது, யாரைக் கேட்பது? கிளெமென்டைத் திரும்பிப் பார்த்தேன். வலது முழங்கைக்குக் கீழே, வெள்ளைச் சட்டையில், வட்டமாகச் செம்மண். பந்தே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது.

"கிளெமென்ட், கையில பட்டுச்சா?" என்று கேட்டேன். அவன் தாத்தாவைப் பார்த்தான்.

நடுவர் கொடுத்த தீர்ப்பை, ஆட்டம் மறுபடி தொடங்குவதற்கு முன்னால் மாற்றலாம். அது விதி. நான் மாற்றினேன். கோல் இல்லை, எதிர் டீமுக்கு ஃப்ரீ கிக்.

பெர்னார்ட் சேற்றில் வழுக்கிக்கொண்டே உள்ளே ஓடி வந்தார். "குடுத்த கோல திருப்பி எடுக்கறதா? இது எந்த ஊர் நியாயம்?"

"வெளிய போங்க சம்பந்தி. கோச் உள்ள வரக்கூடாது."

"நான் போறது இருக்கட்டும்" என்றார், மூக்குக்கு நேரே விரலை நீட்டி. "உங்க பொண்ணு எங்க வூட்ல வாழணுமா வேணாமா? அத சொல்லுங்க மொதல்ல. அப்புறம் ஊதுங்க!"

கோட்டருகே குளோரியாவும் டேரிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சிவப்பு அட்டையை எடுத்துக் காட்டினேன்.

"கோச்சுக்கு ஏது கார்டு?" என்று பெர்னார்ட் சிரித்தார்.

"ரூல் வந்து பல வருஷம் ஆச்சு. படிச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் போனார். ஆட்டம் பெனால்டிக்குப் போய், அவர் டீம் தோற்றது. ஆண்டவருக்கு என் மேல் அவ்வளவு பிரியம்.

அட்டை காட்டினால் மட்டும் போதாது. அன்றே லீக்குக்கு அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுத வேண்டும், மழுப்பக்கூடாது என்று கோர்ஸில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். சரியாக அந்த நேரம் டேரில் வந்தான்.

"ஆன்ட்டி, அப்பா ஏதோ கோவத்துல சொல்லிட்டாரு. ரிப்போர்ட்ல அந்தக் கல்யாணப் பேச்ச மட்டும் விட்ருங்க ப்ளீஸ். அது இருந்தா அவர சீசன் முழுக்க வெளிய உக்கார வெச்சிடுவாங்களாம். இப்பவே சர்ச்சுக்குப் போயி கல்யாணத்தைக் கேன்சல் பண்றேன்னு குதிக்கிறாரு."

ஹெர்பர்ட் அவனுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அத்தனை பேர் முன்னால் சிவப்பு அட்டை காட்டிய வீராங்கனை என்ன செய்தாள் தெரியுமா? 'கோச் ஆடுகளத்துக்குள் நுழைந்து, நடுவரிடம் தகாத முறையில் பேசினார்' என்று ஒரே வரி எழுதினாள். கணக்கில் ஒரு ஸ்டெப் விட்டாலும் அரை மார்க் வெட்டுகிறவள் நான்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்க" என்றார் ஹெர்பர்ட். இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

குளோரியா அறையிலிருந்து வந்து, குனிந்து படித்தாள். "தகாத முறைன்னா என்ன மம்மி? கெட்ட வார்த்தையா பேசுனாரு? நான் அங்கதானே நின்னேன்."

அவள் டேரில் பக்கம் திரும்பினாள். "நீயும் அங்கதான் நின்ன. என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்றது குளோ? அப்பா டென்ஷன்ல இருந்தாரு."

"ஒண்ணும் சொல்லல" என்றாள் அவள். லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, என் வரியை அழித்தாள். பெர்னார்ட் கேட்டதை, 'உங்க பொண்ணு' என்பதிலிருந்து 'ஊதுங்க' என்பது வரை, ஒரு சொல் விடாமல் டைப் அடித்தாள். அனுப்பும் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சரியென்று தலையை ஆட்டினேன். அறிக்கை போய்விட்டது.

"டேரில், உங்கப்பா கேட்டதுக்கு நான் பதில் சொல்றேன். அவரு வீட்ல நான் வாழமாட்டேன். நாம தனியா வீடு பாத்துக்கலாம். எனக்கு நீ போதும். என்ன சொல்ற?"

டேரில் காபியைப் பார்த்தான். ஃபோனைப் பார்த்தான். "அப்பாவ ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேனே" என்றான்.

குளோரியா மோதிரத்தைக் கழற்றி டம்ளர் பக்கத்தில் வைத்தாள். "கேளு. போறப்ப இதையும் எடுத்துட்டுப் போ."

அவன் எடுத்துக்கொண்டு போனான். நல்ல பையன், சொன்னதைச் செய்வான். ஹெர்பர்ட் "மாதாவே" என்று சோபாவில் சாய்ந்தார்.

குளோரியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கட்டிக்கொண்டேன், எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "மன்னிச்சிடு பாப்பா, உன் நல்லதுக்குன்னுதான் அந்த வரிய விட்டேன்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீ கார்டு காட்டினப்போ எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா மம்மி? எனக்காக ஒருத்தராச்சும் இருக்காங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.