எல்லாப் பக்கமும் அக்கா

அலுவலகத்தில் எல்லோரும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிற, மீசையில் நரை எட்டிப் பார்க்கிற ஆளைத் தம்பி என்று கூப்பிட ஒரே காரணம், அவனுடைய அக்கா அப்படிக் கூப்பிட்டதுதான். அக்காவை ஊரே அக்கா என்று கூப்பிட்டதற்குக் காரணம் அவன். சலவைக் கடைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் அந்தச் சின்ன நிறுவனத்தை அக்காவும் அவள் கணவரும் சேர்ந்து தொடங்கினார்கள். அவள் எழுதுவாள், அவர் விற்பார். யாருடைய சட்டை யாரிடம் போகிறது என்று ஒரு சீட்டைப் பார்த்தே சொல்லிவிடும் அந்த மென்பொருள் முழுக்க முழுக்க அவள் மண்டையில் உதித்தது. கடைக்காரர்கள் பாராட்டியதென்னவோ அவரைத்தான். விற்க வந்தவர் அவர்தானே.

அக்கா பிரசவத்துக்காக வீட்டுக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் குழந்தையைப் பார்க்கப் போன தம்பியை அவள் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டாள். பால் புட்டிகளைக் கழுவியபடியே கேட்டாள்.

"டேய், என் நாற்காலி அங்கதான இருக்கு?"

"அங்கேயேதான் இருக்கு."

"யாரும் உக்காரலையே?"

"எங்க பையத்தான் அதுல வைக்கிறோம்."

"திங்கக்கிழமை புதுசா ஒருத்தர் வர்றாராமே. அவரு எங்க உக்காருவாரு?"

தம்பி புட்டியைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், அக்காவை மட்டும் பார்க்கவில்லை. அந்த அறையில் இருப்பதே நாலு மேசை. அக்காவின் இடத்துக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஆபீஸ் நல்லாத்தான ஓடுது, நீ எதுக்கு அலட்டிக்கறன்னு கேக்கறாரு உங்க மாமா. ஒரு தடவ விட்டுக் குடுத்தா அந்த இடம் போனதுதாண்டா. நான் திரும்பி வரணும். புள்ளய நல்லாத்தான் பாத்துக்கறேன், ஆனா எனக்கு என் வேலை வேணும்."

அவன் தலையை ஆட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

மறுநாள் காலை மாமா, அதாவது அக்காவின் கணவர், அவன் மேசைக்கே வந்து நின்றார்.

"மச்சான், புதுசா வர்றவரு நம்ம கோட் எல்லாத்தையும் முன்னாடியே ஒரு தடவ பாக்கணும்ங்கறாரு. ரெப்போவ பிரவுசர்ல பாக்கற மாதிரி ஒரு பக்கம் போட்டு விடு. லிங்க்க தட்டினா தெரியணும், அவ்வளவுதான்."

ரெப்போ என்பது அவர்கள் எழுதியதெல்லாம் சேர்ந்து கிடக்கும் கிடங்கு. பிரிண்டருக்குக் கீழே தூசி படிந்து கிடந்த சர்வருக்குள் இருந்தது. எந்த வரியை யார், எதற்காக மாற்றினார்கள் என்று அது தானாகவே குறித்துக்கொள்ளும். அப்படி ஒரு வசதி இருப்பதையே அந்த அலுவலகத்தில் யாரும் சட்டை செய்ததில்லை. அவர்கள் வழக்கமே வேறு. ஒருவர் எழுதி முடித்ததும் "போடறேன்" என்று குரல் கொடுப்பார். மற்றவர்கள் "போடு" என்பார்கள். கிடங்கில் போட்டுவிடுவார். வேலை முடிந்தது. நாலு பேர் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போது யார் போட்டது என்று கம்ப்யூட்டரைப் போய்க் கேட்பானேன்?

தம்பி வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தான். அக்கா நாற்காலிக்கு அடியில் தானே குழி பறிக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் வேலை என்று வந்துவிட்டால் அவனுக்குப் பிடிவாதம் வந்துவிடும். குறிப்பைப் படித்தான், பக்கம் காட்டும் புரோகிராமை இறக்கினான், பிரித்தான், கிடங்கு இருக்கும் இடத்தை எழுதினான், சர்வரை நிறுத்திக் கிளப்பினான். பிரவுசரைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம். நடுவில், இங்கே ரெப்போ எதுவும் இல்லை என்று ஒரு வரி.

இல்லையா? கண் முன்னால் குத்துக்கல்லாட்டம் இருக்கிறதே. போய்ப் பார்த்தான், இருந்தது. பிரவுசருக்கு வந்தான், இல்லை. மறுபடி சர்வரை நிறுத்திக் கிளப்பினான். இல்லவே இல்லை.

"கேபிள் பாத்தியா?" என்றான் நெட்டை. உயரத்தால் அந்தப் பெயர் வாங்கிய அவனுக்கு உலகத்தின் எல்லாக் கோளாறுக்கும் கேபிள்தான் காரணம்.

அறையின் மூன்றாவது ஆளான கண்ணாடி, தன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணா, இந்தப் பக்கத்தக் காட்டற புரோகிராம் தனி யூசரா ஓடுது. அந்த ஃபோல்டரத் திறக்க அதுக்குப் பர்மிஷன் குடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. காவலுக்கு ஆளை வைத்துவிட்டுச் சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அனுமதி கொடுத்ததும் பக்கம் பளிச்சென்று திறந்தது. கட்டம் கட்டமாக, வரி வரியாக, அத்தனையும். தம்பிக்குத் தலை கால் புரியவில்லை. அந்த வேகத்திலேயே மாமாவுக்கு லிங்க்கை அனுப்பிவிட்டான். அனுப்பிய பிறகுதான் நிதானமாகப் படித்தான்.

முதல் வரி: சீட்டு அச்சடிக்கும்போது வரும் பிழையைச் சரி செய்தேன். எழுதியவர்: அக்கா.

இரண்டாவது வரி: அக்கா. மூன்றாவதும் அக்கா. அடுத்த பக்கம் போனான். அக்கா, அக்கா, அக்கா.

சீட்டுப் பிழையைச் சரி செய்தது அவன். நேற்றுத்தான் செய்தான். "போடறேன்" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. சரி, இந்தப் பக்கத்துக்குத்தான் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவினான். அக்கா. வேறொரு கம்பெனி எழுதிய, இதே மாதிரி பக்கம் காட்டும் புரோகிராமை இறக்கிப் போட்டான். அதன் நிறம்தான் வேறு, அக்கா அதே அக்கா.

நெட்டை வந்து பார்த்துவிட்டு முகம் சிவந்தான். "மூணு வாரம் மாடா உழைச்சு எழுதினேன். அதுக்கும் அக்காவா?"

"என்னுதும்தான்," என்றாள் கண்ணாடி. "வார்த்தையெல்லாம் நான் எழுதினது. பேரு மட்டும் அவங்க பேரு."

"நாம போனதுக்கப்புறம் அக்கா வீட்ல இருந்து உள்ள நுழையறாங்களோ?"

"நுழைஞ்சு, நாம எழுதினதையே திரும்ப எழுதறாங்களா?"

நெட்டை தன் இடத்துக்குத் திரும்பினான். கேபிள் என்றுகூடச் சொல்லவில்லை.

தம்பி பக்கம் பக்கமாகப் பின்னால் போனான். அடியில் பழைய நாட்களில் எல்லார் பெயரும் கலந்து இருந்தது. சரியாக அக்கா பிரசவத்துக்குப் போன வாரத்திலிருந்து மற்ற எல்லாரும் காணாமல் போய், அவள் ஒருத்திதான். இருந்தவரைக்கும் பாதி வேலை செய்தவள், போன பிறகு முழு வேலையும் செய்திருக்கிறாள். குழந்தை பிறந்த அன்றைக்குக்கூட ஒன்று கிடந்தது: ஈரத் துணிக்கு எடை தப்பாக வருவதைச் சரி செய்தேன், அக்கா. அன்று அவள் பிரசவ வார்டில் தம்பியின் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள். அவன் மண்டை காய்ந்துவிட்டது. தான் இங்கே உட்கார்ந்து உண்மையிலேயே ஏதாவது செய்தோமா, செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தோமா என்றுகூட ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. மாமா கையில் போனோடு வெளியே வந்தார். பேயறைந்த முகம். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

"அவரும் பாத்துட்டாரு," என்றாள் கண்ணாடி. "அண்ணா, என் மெஷின்ல பேரு எங்க இருக்கும்? அத முதல்ல பாருங்க."

பார்த்தான். ஒவ்வொரு மெஷினிலும், இதில் வேலை செய்பவர் இன்னார் என்று சொல்லும் ஒரு சின்ன ஃபைல் உண்டு. கண்ணாடியின் மெஷினில் அதைத் திறந்தால் அக்கா. நெட்டையின் மெஷினில் அக்கா. தன்னுடையதில்? அதிலும் அக்கா.

அப்போதுதான் பொறி தட்டியது. அக்கா பிரசவத்துக்குப் போன அதே வாரத்தில்தான் புது மெஷின்கள் வந்து இறங்கின. அந்த அலுவலகத்தில் அவள் மெஷின் மாதிரி ஒழுங்காக ஓடுவது வேறு கிடையாது. "அவ மெஷின அப்படியே காப்பி பண்ணி மூணுலயும் போட்டுடு மச்சான்," என்றார் மாமா. அவனும் அப்படியே என்றால் அப்படியே, ஒரு புள்ளி குறையாமல் போட்டுவிட்டான். அதோடு அவள் பெயரும் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்த லாகினும் பெயர் கேட்காததால் யாருக்கும் தெரியவில்லை. "போடறேன்" என்று கத்திக்கொண்டே மாதக்கணக்கில் மூன்று பேரும் அக்காவாக இருந்திருக்கிறார்கள்.

தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் பறந்தான்.

அங்கே அவன் கண்ட காட்சி கூடுதல் குழப்பம். மாமா கூடத்துத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் தப்புத் தப்பாக மடித்திருந்தார். குழந்தை அதைக் கலைத்துக்கொண்டிருந்தது. அக்கா சமையலறை வாசலில் நின்று தம்பிக்குக் கண்ணைக் காட்டினாள்.

"உங்க மாமாவுக்கு என்னடா ஆச்சு? வந்ததுல இருந்து மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோங்கறாரு. என்ன பண்ணித் தொலைச்சாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு."

"சொல்றேன்," என்றார் மாமா. "வீட்டையும் பாத்து, புள்ளயவும் பாத்து, ஆபீஸையும் நீதான் ஓட்டியிருக்க. வார்டுல படுத்துக்கிட்டே வேலை செஞ்சிருக்க. நான் ஒரு முட்டாள், அவனுங்க ஓட்டறானுங்கன்னு நினைச்சேன். அந்தப் புது ஆளுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிட்டேன். நீ வா. உன் இடம் உனக்குத்தான்."

அக்கா பேந்தப் பேந்த விழித்தாள். பிறகு தம்பியைச் சமையலறைக்குள் இழுத்தாள். "காட்டு."

போனில் காட்டினான். அவள் விரலால் இரண்டு முறை தள்ளினாள். அவனுக்கு அரை நாள் பிடித்தது அவளுக்கு ஒரு மூச்சுக்குள் முடிந்தது.

"என் டிஸ்க்க அப்படியே காப்பி அடிச்சியா?"

அவன் தலையாட்டினான்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லாத அக்கா. நானும் சொல்லல. பேர நான் சத்தமில்லாம மாத்திடறேன். உன் நாற்காலி உனக்குக் கிடைச்சிடும். இதுதான வேணும்னு நேத்து கேட்ட?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதை இறுக்கி மூடினாள். அவளுக்கு ஆசையாக இருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தம்பி மனதுக்குள், இரு அக்கா, பேசாம இரு என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"அது எதுவும் நான் செய்யலங்க. என் பேரு அவங்க மெஷின்ல ஒட்டிக்கிச்சு. செஞ்சதெல்லாம் அந்த மூணு பேருதான்."

மாமா துணியைக் கீழே வைத்தார். "அப்ப நீ ஒண்ணுமே செய்யலையா?"

"ஆபீஸ் வேலை எதுவும் செய்யல."

"அப்புறம் எப்படி..." என்று தம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த போனைப் பார்த்தார். கை தன்னையறியாமல் போன் பக்கம் போனது.

"திரும்ப அந்த ஆளைக் கூப்பிடப் போறீங்களா?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "வீடு, புள்ள, ஆபீஸ் மூணையும் நானே செஞ்சேன்னு நினைச்சப்ப ஓடி வந்து மன்னிப்புக் கேட்டீங்க. ரெண்டுதான் செஞ்சிருக்கேன்னு தெரிஞ்சதும் கை போனுக்குப் போகுது. அந்தக் கம்பெனிய நான்தான எழுதினேன்? தூங்காம மூணாள் வேலை செஞ்சாத்தான் எனக்கு அங்க ஒரு நாற்காலியா?"

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. குழந்தை தவழ்ந்து வந்து அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அவர் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியல," என்றார்.

"பரவாயில்ல. திங்கக்கிழமை காலையில புள்ளைக்கு எப்படிச் சோறு ஊட்டறதுன்னு மட்டும் இப்பப் புரிஞ்சுக்கோங்க, போதும்." தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், மூணு மெஷின்லயும் பேர மாத்திடு. என் மெஷின்ல இருக்கறத மட்டும் தொடாத."

திங்கட்கிழமை நாற்காலியில் பைகள் இல்லை. அக்கா வந்து உட்கார்ந்து, அதன் உயரத்தை யாரோ மாற்றிவிட்டதாக முதலில் எல்லாரையும் திட்டினாள். மத்தியானத்துக்கு முன்னால், "போடறேன்" என்றாள்.

"போடுங்க," என்றார்கள். சொல்லிவிட்டு, அந்த அலுவலகத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக, மூன்று பேரும் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள்.

தம்பியின் போன் அடித்தது. மாமா. பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது, ஏதோ பாத்திரம் உருண்டது.

"மச்சான், அந்த லிங்க்ல மேல அக்கான்னு புதுசா ஒண்ணு வந்திருக்கே. அது யாரு?"

"அக்காதான் மாமா."

"நிச்சயமாத் தெரியுமா?"

தம்பி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான்.

"தெரியும் மாமா. உக்காந்திருக்கா."