கூட யாரு வந்திருக்கா?

இலுப்பூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரே சுவருக்கு இந்தப்புறம் அருணாவும் அந்தப்புறம் ராசாத்தியும் குடியிருந்தார்கள். ராசாத்தி, அருணா புருஷனின் அண்ணன் பொண்டாட்டி. வயலுக்குத் தண்ணீர் விடும் முறையில் வந்த சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேச வேண்டியதையெல்லாம் ஆட்டிடம் பேசினார்கள். "ஏ மூதேவி, ஊரான் வீட்டுத் தண்ணி கேக்குதா ஒனக்கு?" என்று ராசாத்தி தன் ஆட்டை ஏசினால், "ரோசம் இருந்தா அங்கிட்டுப் போயி மேயாத" என்று அருணா தன் ஆட்டுக்குப் புத்தி சொல்வாள். ஆடுகள் பாட்டுக்கு இலையைத் தின்றுகொண்டிருக்கும்.

இந்த வருஷம் அருணா அதையும் விட்டுவிட்டாள். விடிந்தால் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. சோற்றை வாயில் வைத்தால் மண்ணாக இருந்தது. குவைத்திலிருந்து புருஷன் ஆண்டிச்சாமி போனில், "நல்லா ரெஸ்ட் எடு" என்பான். அந்த ரெஸ்ட்தான் தன்னைத் தின்கிறது என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

புதுக்கோட்டை மனநல டாக்டர் மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் காந்த வைத்தியம் சொன்னார்.

"ஷாக் இல்லம்மா. மயக்க ஊசியும் கிடையாது. முழிச்சுக்கிட்டே சேர்ல உக்காந்திருப்பீங்க, தலைக்கு வெளியிலருந்து காந்தம் தட்டும். எல்லாருக்கும் கேட்டுரும்னு சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கேக்கலாம். அபூர்வமா யாருக்காவது வலிப்பு வரும். அதனால கூட ஒரு ஆள் இல்லாம ஆரம்பிக்க மாட்டோம்."

ஆளுக்கு எங்கே போவாள்? அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி திருப்பூரில் இருக்கிறான். தெருவில் யாரைக் கூப்பிட்டாலும், எந்த ஆஸ்பத்திரி என்றுதான் முதலில் கேட்பார்கள். அன்று சாயங்காலம் சுவரோரம் போய் நின்றாள். ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏ குட்டி, நாளைக்கு நான் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போறேன். கூட ஆளு இல்லைன்னா திருப்பி அனுப்பிருவாங்களாம்."

அந்தப்பக்கம் ஏதோ பாத்திரம் கவிழ்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

காலையில் அருணா ஏறிய பஸ்ஸில் முன் சீட்டில் ராசாத்தி, தீபாவளிச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டரிடம் சத்தமாகச் சொன்னாள்: "எனக்கும் புதுக்கோட்டையில சோலி இருக்கு. யாரும் தனக்காகத்தான் வாரேன்னு நெனச்சுக்க வேணாம்."

"நான் ஏங்க்கா நெனைக்கப் போறேன்? சில்லறையா குடுங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஹரிணி வந்து, தலையில் ஊக்கு, கம்மல் இருந்தால் கழற்றச் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "கூட யாரு வந்திருக்கா?"

"நான்தான்" என்றாள் ராசாத்தி. "தலையில ஊக்கு, கம்மல் எதுவும் இருக்கக் கூடாதுன்னீங்கள்ல? அந்தம்மா கொண்டைக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. சொல்லுங்க."

"பக்கத்துலதானே நிக்கிறாங்க, நீங்களே சொல்லுங்களேன்."

"எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்ல."

ஹரிணி சிரித்தாள். இருவரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "ராத்திரி தூங்குறாங்களா?"

"தூங்குறேன்" என்றாள் அருணா.

"பொய்யி. விடிய விடிய வீட்டுக்குள்ள நடக்குறா. செவுத்துக்கு இங்கிட்டுக் கேக்காதா எனக்கு?"

ஹரிணி குரலைத் தணித்தாள். "சாகணும்னு எப்பவாவது பேசுனாங்களா?"

"யாருகிட்டப் பேசுவா? ஆட்டுக்கிட்டதான் பேசுவா. என்னைய ஏசணும்னாலும் அதுகிட்டதான். அதுவும் நின்னுபோச்சு. நானா வம்பிழுத்துப் பார்த்தேன், ஒரு பதில் வரணுமே! அன்னைலருந்து எனக்குச் சோறு எறங்கல."

அருணா தரையைப் பார்த்தபடி நின்றாள். சுவருக்கு அந்தப்பக்கம் ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு முழித்துக் கிடந்திருப்பாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

உள்ளே சேரில் சாய்த்து, எட்டுப் போல வளைந்த ஒரு கருவியை டாக்டர் தலையருகே வைத்தார். சுண்டியது போல ஒரு தட்டு விழுந்தது. அவள் அசைக்காமலே வலது கட்டைவிரல் துள்ளியது. "விரல் துள்ளுது பாருங்க, இதுதான் உங்களுக்கான அளவு" என்று கருவியை இடது நெற்றிப் பக்கம் நகர்த்தினார். டக் டக் டக் என்று மரங்கொத்தி கொத்துவது போலிருந்தது. ஏதாவது மாறும் என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் மாறவில்லை. உள்ளே போன அதே அருணாதான் வெளியே வந்தாள்.

"உடனே தெரியாதுக்கா, வாரக்கணக்காகும்" என்றாள் ஹரிணி. "தினம் வரணும், சனி ஞாயிறு மட்டும் லீவு. நாளைக்கும் கூட ஆள் வேணும்." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வராந்தாவில் இருவர் மட்டும் நின்றார்கள். இடையில் வைத்துப் பேச ஒரு ஜீவன் இல்லை. ராசாத்தி எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கேட்காவிட்டால் நாளைக்குத் தான் பாயை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை என்பது அருணாவுக்கு நன்றாகத் தெரிந்தது.

"அக்கா."

தன் குரலே வேறு யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

"நாளைக்கும் வாரீங்களா?"

ராசாத்தி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நாளைக்குக் களையெடுக்க ஆளு வருது" என்றாள். பிறகு, முகத்தைப் பார்க்காமலே, "மத்தியானத்துக்கு மேல வந்தா ஆகுமான்னு அந்தப் புள்ளகிட்டப் போயிக் கேளு" என்றாள்.

அருணா போய்க் கதவைத் தட்டினாள்.