மாலை விமானம்

"டிக்கெட் வேண்டாமாம் கோச்," என்றாள் மார்லிஸ், தொலைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு. "லாரியிலயே வந்துடறாங்களாம்."

"எந்த லாரியில?"

"அவங்க லாரியிலதான். பையனோட அம்மா லாரி ஓட்டறவங்களாம். பதினெட்டுச் சக்கரம். கனடாவுக்குக் குழாய் ஏத்திட்டுப் போறாங்களாம், போற வழியில பையனைக் கூட்டிட்டு வர்றாங்களாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு."

மத்தியானம் பன்னிரண்டு மணி! மார்லிஸ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எங்கள் அலுவலகத்தில் பயண ஏற்பாடெல்லாம் அவள் கையில்தான். பட்டப்பகலில் ஒரு பையன் எங்கள் ஊருக்குள் வந்தால் எனக்கு என்ன ஆகும் என்று அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

நான் வெண்டல் க்ராஸ். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பதினோரு வருஷம் துணைக் கோச்சாக இருந்தவன். எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு, தோளுக்கும் தொப்பைக்கும்தான் அதிகம். அதையெல்லாம்விட அதிக வேலை வாய்க்கு. பள்ளி முடிக்கிற பையன்களை வீடு வீடாகப் போய்ப் பேசிக் கல்லூரிக்கு இழுத்து வர வேண்டும். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இது என் தம்பட்டம் இல்லை, ஊரே சொன்னது. எந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தாலும் மூன்றாவது தட்டு காலியாவதற்குள் பையன் என் பையன். அந்தப் பேரை வைத்துத்தான் மொன்டானாவின் வடகோடியில், டன்மோர் கல்லூரியில், தலைமைக் கோச் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று என் பழைய முதலாளி தோளில் தட்டி, "வெண்டல், அந்தச் சாமர்த்தியம் உன் நாக்குல இருக்கா, நம்ம முகவரியில இருக்கான்னு இப்பத் தெரிஞ்சுடும்" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷத்தில் ஐந்து ஆட்டம் ஜெயித்தேன். ஆறாவதும் ஜெயித்திருப்போம், பனிப்புயலில் எதிரணி வந்து சேரவில்லை என்று ரத்து செய்துவிட்டார்கள். இங்கே சுற்றி ஐம்பது மைலுக்குக் கோதுமை வயல், அதற்கப்பால் இன்னொருவனுடைய கோதுமை வயல். டெக்சஸில் ஒரு தெருவில் கிடைக்கிற பையன்கள் இங்கே ஒரு மாவட்டத்தில் கிடைக்க மாட்டார்கள். இதை விளையாட்டுத் துறை இயக்குநர் ஹோல்கரிடம் விளக்கினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "பந்து எறியறவனுக்கு முன்னாடி நிக்க ஒரு நல்ல தடுப்பாள் கொண்டாந்துடுங்க வெண்டல். இல்லேன்னா நாம வேற பேச்சுப் பேசணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தெற்கத்திப் பையன்களைத்தான் நான் குறிவைத்தேன். அதற்கென்றே மாலை விமானம் என்ற உபாயத்தைக் கண்டுபிடித்தேன். கல்லூரியைப் பார்க்க வருகிற பையன் பில்லிங்ஸ் விமான நிலையத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து டன்மோருக்கு மூன்று மணி நாற்பது நிமிஷம். வழியில் ஒரு மரம் கிடையாது. இருட்டில் அது தெரியாது. நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டுவேன். மறுநாள் உடற்பயிற்சிக் கூடம், விருந்து, சீருடை போட்டு ஒரு படம். விடுதியில் மைதானத்தைப் பார்த்த அறை, தானியக் கிடங்கைப் பார்த்தது கூடாது. ஞாயிறு விடிவதற்குள் திரும்பும் விமானம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் ஒரு மாநிலத்தையே மறைத்தேன். ஒன்பது டெக்சஸ் பையன்கள் அப்படித்தான் சேர்ந்தார்கள்.

இந்த வருஷம் எனக்கு வேண்டியவன் ட்ரேமோன் கிட்ரி. டெக்சஸின் போர்ட் ஆர்தரில் பள்ளி முடிக்கிறவன், ஆறரை அடி, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. பெரிய கல்லூரிகள் முழங்கால் காயத்தைப் பார்த்து விலகிவிட்டன. அவனைக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று என் பழைய கல்லூரி. அங்கே என் நாற்காலியில் இப்போது கோல்பி என்று ஓர் இருபத்தேழு வயசுக்காரன். ஒரு வீட்டில் சாப்பிட உட்காரத் தெரியாது, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பேசுவான். ஆனாலும் ஆள் பிடிப்பதில் நான் எட்டாத எண்ணிக்கையை எட்டியிருந்தான். அந்தப் பையன் கோல்பியிடம் போனால் வேலை மட்டுமா போகும்? பதினோரு வருஷமாக ஜெயித்தது நான் இல்லை, அந்தக் கல்லூரியின் அஞ்சல் எண்தான் என்றல்லவா ஆகிவிடும்!

டிசம்பரில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் பெரியம்மா நண்டுக் குழம்பு வைத்திருந்தாள், மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். அம்மா ரெனீட்டா வெளியூரில் இருப்பதாகச் சொல்லித் தொலைபேசியில் பேச வைத்தார்கள். பின்னால் ஒரே இரைச்சல், துணி துவைக்கிற இயந்திரம் என்று நினைத்தேன். "விமான நிலையத்துலேர்ந்து உங்க ஊரு எவ்வளவு தூரம் கோச்?" என்றாள். "ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்மா" என்றேன். பொய் இல்லை பாருங்கள், மேலேதான். "அப்படியா," என்றாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது லாரி வந்தது. பூஜ்யத்துக்கு இருபது கீழே, வானம் துடைத்து வைத்த மாதிரி. வடக்கே கனடா வரைக்கும் தெரிந்தது. ரெனீட்டா குள்ளமான பெண், ஆண்கள் போடுகிற கம்பளிச் சட்டை. இறங்கியதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல?" என்றாள். "மூணு மணி நாப்பது நிமிஷம் கோச். எதிர்காத்து அடிச்சா நாலு. நான் ஆறு வருஷமா மாசம் ரெண்டு தடவை இந்த ரோட்ல போறேன். உங்க ஊரு பெட்ரோல் பங்க்ல லவங்கப்பட்டை போட்ட ரொட்டி நல்லாருக்கும், அதைத் தவிர இங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

என் பின்னால் மார்லிஸ் இருமினாள். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ட்ரேமோன் மெல்ல இறங்கினான். மெல்லிய பருத்திச் சட்டை, தலையில் ஒன்றும் இல்லை. காற்று பட்டதும் ஒரு கணம் மூச்சு நின்றவன்போல நின்றான். பல் கிட்டித்துப்போனது. நான் சட்டென்று என் கோட்டைக் கழற்றி அவன் தோளில் போட்டேன். முதுகில் டன்மோர் என்று பெரிதாக எழுதிய கோட்டு.

"கோச்!" என்றாள் மார்லிஸ். "சேராத பையனுக்குக் காலேஜ் பேர் போட்ட கைக்குட்டை கூடக் குடுக்கக் கூடாது. விதி."

"விறைச்சுப் போனா என்ன விதி? இது இரவல் மார்லிஸ்."

என் அலுவலகத்தில் உட்கார வைத்தேன். மேஜையில் படங்கள், கோப்பைகள், பழைய மாணவர்களின் கடிதங்கள் எல்லாம் தயாராக இருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். நான்கு வாக்கியம்கூட முடியவில்லை, பையன் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"டெக்சஸ்லேர்ந்து எத்தனை பேரைக் கொண்டாந்தீங்க கோச்?"

"ஒம்பது பேரு."

"இப்ப எத்தனை பேரு இருக்காங்க?"

எனக்கு இதற்கு ஒரு பதில் உண்டு. நாற்பது வீடுகளில் சொல்லிப் பழகிய பதில். குடும்பம், பொறுமை, பனியில் உருவாகும் ஆண்மை என்று மூன்று நிமிஷம் ஓடும், முடிவில் எண் காணாமல் போயிருக்கும். ரெனீட்டா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அவள் கடந்து வந்த சாலை முழுசும் வெயிலில் கிடந்தது. இதை வைத்துக்கொண்டு எதை மறைப்பது? திடீரென்று எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

"ரெண்டு பேரு," என்றேன். "ஏழு பேரு போயிட்டாங்க."

"ஏன்?"

"நான் அவங்களை இருட்டுல கூட்டிட்டு வந்தேன். ஆகஸ்ட்ல பொட்டியத் தூக்கிட்டு வந்தப்பதான் ஊரையே பாத்தாங்க. சில பேரு கிறிஸ்துமஸுக்குப் போனவங்க திரும்பல. ஒருத்தன் ரெண்டாவது நாளே அழுதுட்டான், நானே பில்லிங்ஸ்ல கொண்டு போய் விட்டேன்." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "இங்க ஒண்ணும் கிடையாது ட்ரேமோன். ஒரு சினிமாக் கொட்டாய், சனிக்கிழமை மட்டும். நண்டு கிடைக்காது. உன்னை மாதிரிக் கறுப்புப் பையங்க டீம்ல ஆறு பேரு இருக்காங்க, ஊருக்குள்ள முடி வெட்ட ஆள் கிடையாது, ஒருத்தருக்கொருத்தர் வெட்டிக்கறாங்க. காத்து நிக்கவே நிக்காது. ஆனா ஒண்ணு சொல்றேன், உன் காலை எப்படி வைக்கணும்னு எனக்குத் தெரியும். உன் வலது கால் அரைச் சாண் பின்னாடி போகுது, அதான் முழங்கால் போச்சு. எட்டு வீடியோ பாத்தேன். அதை என்னால சரி பண்ண முடியும். கோல்பிக்கு அது கண்லயே படாது."

பையன் தன் வலது முழங்காலைப் பார்த்தான். பிறகு எழுந்தான். "நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

"எங்க?"

"சும்மா."

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். வாகனம் நிறுத்துமிடத்தைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, வயலுக்கு நடுவே போகிற மண்சாலையில் நேராக நடந்தான். கோட்டு முதலில் கைப்பிடி அளவாகி, பிறகு புள்ளியானது. இருபது நிமிஷம் ஆகியும் திரும்பவில்லை. அவன் அப்படியே டெக்சஸுக்கு நடந்தே போய்விடுவான் என்றுகூட எனக்குத் தோன்றியது. மார்லிஸ் பட்டை ரொட்டியும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். பெட்ரோல் பங்கிலிருந்து அவளே வாங்கிவந்தது. ரெனீட்டா ஒன்றை எடுத்துப் பிய்த்தாள்.

"நல்லாப் பேசறீங்க கோச்," என்றாள். "ஆனா உங்க பேச்சுக்காக நான் வரல. அதைச் சொல்லிடறேன்."

"பின்ன?"

"அந்த இன்னொரு காலேஜ் எங்க வீட்டுலேர்ந்து ஒண்ணரை மணி நேரம். எல்லாரும் பக்கம் பக்கம்னு குதிக்கறாங்க. யாருக்குப் பக்கம்? நான் வீட்ல இருக்கறது மாசத்துல நாலு நாளு. இந்த ஊரை மாசம் ரெண்டு தடவை தாண்டறேன், போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு. தாண்டறப்பெல்லாம் இங்க தூங்க நிறுத்தலாம். கூட்டிக் கழிச்சுப் பாருங்க. எனக்கு உங்க ஊருதான் பக்கம்."

நான் காப்பியைக் கீழே வைத்தேன். மூன்று வருஷம் நான் யாருக்கும் காட்டாமல் ஒளித்த சாலை! என் பழைய முதலாளி இதைக் கேட்டிருந்தால் மேஜையைத் தட்டிச் சிரித்திருப்பார். மறுபடியும் முகவரிதானா? இருக்கட்டும். வருகிற லட்சுமியிடம் எந்த வாசல் வழியாக வந்தாய் என்று கேட்கிறவன் நான் இல்லை.

"அப்ப முடிவாயிடுச்சாம்மா?"

"எனக்கு ஆயிடுச்சு. விளையாடப் போறது நானில்லையே. அவன் புதன்கிழமை கையெழுத்துப் போடுவான், இங்கயோ அங்கயோ. நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீங்களும் ஃபோன் போட்டு நச்சரிக்காதீங்க."

நாற்பது நிமிஷம் கழித்து ட்ரேமோன் திரும்பி வந்தான். புருவத்தில் பனி கட்டியிருந்தது. மூக்கு ஒழுகியது. காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அங்க ஒண்ணுமே இல்ல," என்றான்.

"ஆமா," என்றேன்.

"யாருமே என்னைக் கூப்புடல." அவன் அம்மாவைப் பார்த்தான். "வீட்ல வாசலைத் தாண்டினா அஞ்சு பேரு கூப்புடுவாங்கம்மா. ஃப்ரிட்ஜைத் தூக்கு, காரைத் தள்ளு, அவனை மிரட்டிட்டு வா. இங்க இவ்வளவு தூரம் போனேன், ஒருத்தரும் கூப்புடல."

அது நல்லதா கெட்டதா என்று அவன் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நானும் ஒரு பையனிடம் அடுத்த கேள்வியைக் கேட்காமல் விட்டேன். நாக்கு பல்லுக்குப் பின்னால் படாதபாடு பட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளம்பினார்கள். கனடா எல்லையில் குழாயை இறக்கிவிட்டு, இந்தத் தடவை மட்டும் வேறு வழியாகத் திரும்பிப் போவதாக ரெனீட்டா சொன்னாள். என் கையைக் குலுக்கினாள், லாரிக்காரி பிடி, எலும்பு வலித்தது. ட்ரேமோன் தலையை மட்டும் அசைத்துவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினான். லாரி வாசலைத் தாண்டித் திரும்பிய பிறகுதான் மார்லிஸ் என் முழங்கையைப் பிடித்தாள்.

"கோச், கோட்டு! உங்க கோட்டு அவன் மேல இருக்கு. விதி மீறல். எழுதிக் குடுக்கணும்."

"இரவல்னு எழுது."

"இரவல்னா திரும்பி வரணும்."

"ஆமா," என்றேன். "கொண்டாந்து குடுத்துதான் ஆகணும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நீங்கள் வேண்டுமென்றே விட்டீர்களா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன், காது எரிந்தது. "உள்ள வாங்க, செத்துடுவீங்க" என்று திட்டிக்கொண்டே அவளும் என் பக்கத்தில் நின்றாள்.

எங்கள் ஊரில் ஒரு வண்டி கிளம்பினால் அது கண்ணை விட்டு மறைவதற்கு வெகுநேரம் ஆகும். மறைக்க ஒன்றும் கிடையாது. லாரி தீப்பெட்டி அளவானது, பிறகு பட்டாணி அளவானது. வெயிலில் அதன் பக்கக் கண்ணாடி ஒருமுறை பளிச்சென்றது. பத்து நிமிஷம் கழித்தும் தெரிந்தது, அதன் பின்னால் சாலையில் எழுந்த பொடிப்பனியும் தெரிந்தது.