கைராசிக்காரரின் எலிகள்

கைராசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாக்டருக்குக் கைராசி, தையற்காரருக்குக் கைராசி என்றால் தொலையட்டும் என்று விடலாம். ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தப் பேச்சு எதற்கு?

என் தம்பி சேர்ந்த கூடத்தில் அவனுக்கு முன்னால் ஒரு சீனியர் இருந்தார். கைராசிக்காரர் என்றே பெயர். அவர் மருந்து கொடுத்தால் எலிகள் ஒன்றுவிடாமல் இளைத்தன. கட்டுரை வந்தது, பதவி வந்தது, ஆள் பெரிய இடத்துக்குப் போய்விட்டார். அதே மருந்தை அதே அளவில் நாலு வருஷமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறான் தம்பி. எலிகள் தின்று கொழுக்கின்றன. "உனக்குக் கை சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டார் பேராசிரியர். அவனை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று திங்கட்கிழமை குழு கூடி முடிவு செய்யும்.

"எனக்கு இந்த வேலையே வராதோ என்னவோக்கா" என்றான் போனில். நானும் எலிகளோடு மல்லுக்கட்டுகிறவள்தான். அவன் எங்கே தப்பு செய்கிறான் என்று பார்க்கச் சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

எலி அறையில் மரத்தூள் வாடை மூக்கைத் துளைத்தது. தம்பி ஒவ்வொரு எலியாக டப்பாவில் விட்டுத் தராசில் வைத்தான். நான் நோட்டில் எழுதினேன். இருபத்தாறு புள்ளி நாலு. இருபத்தைந்து புள்ளி எட்டு. இருபத்தேழு புள்ளி இரண்டு. ஊசி போடும்போதும் கையில் நடுக்கமில்லை. குறை ஒன்றும் அகப்படவில்லை. பத்து எலி ஆனதும் நோட்டில்தான் ஏதோ உறுத்தியது.

"ஏன்டா, கடைசி எண் எல்லாமே இரட்டைப்படையா வருது?"

"அந்தத் தராசு அப்படித்தான்கா. ரெண்டு ரெண்டாத்தான் தாவும். ஒத்தப்படை காட்டவே காட்டாது."

"எத்தனை வருஷமா இது இருக்கு?"

"கைராசிக்காரர் காலத்துலேர்ந்து இதேதான். வேற ஏது?"

அவருடைய கட்டுரையை எடுக்கச் சொன்னேன். கடைசிப் பக்க அட்டவணையில் அறுபது எலிகளின் எடை. சராசரி இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாக. புள்ளிக்குப் பிறகு மூன்று, ஏழு, ஒன்பது, ஒன்று. பாதிக்குப் பாதி ஒற்றைப்படை. இந்தத் தராசில் ஏறிய எந்த எலிக்கும் அந்த எடை வந்திருக்க முடியாது. மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே எழுதித் தள்ளியிருக்கிறார்.

தம்பி கையில் ஒரு எலியோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப என் கை நல்ல கைதானாக்கா?" என்றபோது அவன் குரல் உடைந்தது. 

"கட்டுரையில நாலு பேரு இருக்காங்களே, ஒருத்தருக்குமா தெரியல?" என்று கேட்டேன்.

"எலியை எடை போட்டது அவரு மட்டும்தான். ஒருத்தர் ரத்தம் பாத்தாரு, ஒருத்தர் கணக்குப் போட்டாரு, சார் எழுதினாரு. அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்கு. அப்புறம் எங்களுக்கு வரலைன்னா, கைராசி இல்லைன்னு நாங்களே சொல்லிக்கிட்டோம். எனக்கு முன்னாடி ரெண்டு பேரு அப்படித்தான் விட்டுட்டுப் போனாங்க." சற்று யோசித்தான். "அவங்களை விடு. வெளியாள் ரெண்டு பேரு பரிசீலிச்சுத்தானே பத்திரிகையில போடுவாங்க? அந்தப் புத்திசாலிங்க யாரு?"

பரிசீலித்தவர் பெயரைப் பத்திரிகை யாருக்கும் சொல்லாது. அந்த இருவரில் ஒருத்தி நான். அட்டவணையை அன்றும் பார்த்தேன், எண்கள் லட்சணமாக இருந்தன. நாலைந்து கமாவைத் திருத்தினேன். என் கட்டுரைகள் இரண்டைக் குறிப்பிடச் சொன்னேன். பிரமாதம் என்று எழுதி அனுப்பினேன். பிற்பாடு இவனிடம், நல்ல விஷயம்டா, இதையே எடுத்துக்கோ என்று சொன்னதும் நான்தான். திங்கட்கிழமை தராசைக் காட்டினால் அவன் தப்பித்துவிடுவான். வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் தப்பித்துவிடுவேன்.

"நான்தான்டா" என்றேன்.

அவன் எழுந்தான். எலியை மெதுவாகக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினான்.

"எவ்வளவு நேரம் படிச்சேக்கா?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"எனக்கு நாலு வருஷம்க்கா" என்றான்.