சிவமலர் அன்ரியின் மல்லிகை

கனடாவின் மொன்றியல் தீவில் பொய் சொல்லாத ஒரே தமிழன் தான்தான் என்பது மிதுசனின் உறுதியான முடிவு. இதில் அவன் பகிடி விடவில்லை. பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கிறவன். எங்கள் சனம் இந்தக் குளிரில் தாக்குப்பிடிப்பது ஹீட்டரால் அல்ல, பொய்யால்தான் என்று கண்டுபிடித்து, அதை மாணவர் சஞ்சிகையில் கட்டுரையாகவும் எழுதியிருந்தான்.

ஆதாரம் தேடி அவன் வெளியே போகத் தேவைப்படவில்லை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரிலிருந்து கலியாண வீட்டுக்காரர் ஃபோன் எடுத்தால், இடுப்பில் துவாயோடு நிற்கிற அப்பா, "இந்தா, ஹைவேயில வந்துகொண்டிருக்கிறம்" என்பார். எப்போதோ வேறு ஆருக்கோ தள்ளிவிட்ட சேலையைப் பற்றி, "போன வெள்ளிக்கிழமையும் அதைத்தான் கட்டினனான்" என்று அதைத் தந்தவவுக்கே அம்மா சொல்லுவா.

"எல்லாம் கோழைத்தனம்," என்றான் மிதுசன் சாப்பாட்டு மேசையில். "சாகிற வரைக்கும் என்ர வாயில ஒரு பொய் வராது."

"முதல்ல பருப்பு எப்பிடி எண்டு சொல்லு," என்றா அம்மா.

"உப்புக் கூடிப்போச்சு."

அம்மா அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையை இழுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டா. உண்மைக்கு விலை உண்டு என்பதை மிதுசன் பெருமையோடு ஏற்றுக்கொண்டான். அந்த விலையை வேறு ஒருவர் கொடுக்க நேரிடும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

அவர்கள் இருந்தது நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பழைய அபார்ட்மெண்டில். மேல்மாடியில் சிவமலர் அன்ரி தனியே இருந்தா. புருசன் ஆனந்தராசா டவுன்டவுன் ரெஸ்ரோரன்ட் ஒன்றின் கிச்சினில் காலம் முழுக்க நின்று, பென்சன் எடுக்கிறதுக்கு முதலே போய்ச் சேர்ந்தவர். அவர் ஒருமுறை யாழ்ப்பாணம் போய்த் திரும்பும்போது, கோட்டுப் பொக்கற்றுக்குள் ஒளித்து, அன்ரியின் தாய் வீட்டு மல்லிகைத் தடி ஒன்றைக் கொண்டுவந்தார். அது அன்ரி வீட்டு ஜன்னலோரம் பூச்சாடியில் வேர் பிடித்து வளர்ந்தது. ஆனால் பூக்கவேயில்லை. பூக்கிற வரைக்கும் இலையை வைத்துக்கொள் என்று முருகனோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டு, வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு இலை கிள்ளிப் படத்துக்கு வைப்பா அன்ரி. வருகிற சனமெல்லாம் சாடியைப் பார்த்து, "வாற வருசம் பூக்கும்" என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்.

தைப்பொங்கலன்று அம்மா பொங்கின புக்கையைக் கொடுக்கப் போன மிதுசன், ஃபோனை எடுத்துச் செடியைப் படம் பிடித்தான்.

"அன்ரி, இது மல்லிகை இல்லை."

"என்னப்பு?"

"வேலிச் செடி. இஞ்ச வீடுகளுக்கு முன்னால மதில் மாதிரி வெட்டி விட்டிருக்கிறாங்களே, அது. பாருங்கோ, ஃபோன் சொல்லுது."

அன்ரி சிரித்தா. "விசர்க் கதை. அவரெல்லோ கொண்டுவந்தவர்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உண்மை சொல்கிறவனுக்குப் பாதியில் நிறுத்தும் பழக்கம் இல்லை.

"அவர் கொண்டுவந்தது முதல் விண்டரிலயே செத்திருக்கும் அன்ரி. நீங்கள் கவலைப்படுவீங்கள் எண்டு, கடையில இதை வாங்கிச் சாடிக்குள்ள மாத்தி வைச்சிருப்பார்."

அன்ரி புக்கைக் கோப்பையை மேசையில் வைத்தா. முருகன் படத்துக்கு முன்னால் கிடந்த இலையைப் பார்த்தா.

"அப்ப அந்த மனுசன் என்னைப் பேய்க்காட்டினவரோ?" என்றா. பிறகு, குரல் இன்னும் இறங்கி, "நான் வேலிச் செடியையே இவ்வளவு காலமும் சாமிக்கு வைச்சனான்?"

அடுத்த வெள்ளிக்கிழமை அன்ரி கோயிலுக்குப் போகவில்லை. கூட்டிப்போக வந்தவர்கள் கீழே காரில் இருந்து ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாடி, பின்படிக்கட்டில் குப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து இருந்தது. வெளிக்கதவு திறக்கும் போதெல்லாம் அதன் மேல் குளிர் அடித்தது. மிதுசன் குப்பை கொட்டப் போகும் ஒவ்வொரு முறையும் சாடியைச் சுற்றி நாலைந்து இலை கூடுதலாக விழுந்து கிடந்தது. குப்பை கொட்டும் வேலையைத் தங்கச்சியின் தலையில் கட்டப் பார்த்தான். அவள் காரணம் கேட்டாள். பொய்க் காரணம் சொல்ல முடியாதவன் என்பதால் தானே போய்க் கொட்டினான்.

"அவவுக்கு நீ என்னடா சொன்னனீ?" என்று அம்மா கேட்டா.

"உண்மையை."

"ஆர் உன்னட்டக் கேட்டது?"

மெய்யியல் பாடத்தில் இந்தக் கேள்வி இன்னும் வரவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மேல்மாடிக்கு ஏறிப்போய், தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீட்டைப் பார்க்க வரச்சொல்லி அன்ரியைக் கேட்டான். அங்கே உண்மையான மல்லிகை நிற்கிறது, இணையத்தில் பார்த்தேன் என்றான். உண்மையால் உடைந்ததை இன்னும் கொஞ்சம் உண்மையால் ஒட்டலாம் என்பது அவன் திட்டம்.

"இந்தக் குளிருக்கையோ?" என்றா அன்ரி. என்றாலும் ஜக்கெட்டை எடுத்தா.

மெட்ரோவில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்தது. பச்சை லைன் ரெயிலுக்கு மாறிய பிறகுதான் அன்ரி கேட்டா.

"தம்பி, அவர் மாத்தி வைச்சவர் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல அன்ரி."

"அப்ப?"

"நானா... யோசிச்சன்."

"ஓ," என்று சொல்லிவிட்டு, அன்ரி ஜன்னலுக்கு வெளியே சுரங்கத்தின் இருட்டைப் பார்த்தா. மிதுசனுக்குக் காது சுட்டது. செடியின் பெயரை ஃபோன் சொன்னது. செத்த மனுசனின் பெயரைக் கெடுத்தது அவனுடைய சொந்தக் கற்பனை. அதைத்தான் உண்மை என்று பொங்கலும் அதுவுமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான்.

ஸ்ரேசனிலிருந்து நடந்த தூரம் முழுக்கக் காற்று முகத்தில் அறைந்தது. கண்ணாடி வீட்டுக் கதவைத் திறந்ததும் மூக்குக் கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படிந்து, இருவரும் குருடர்கள் போல நின்றார்கள். துடைத்துவிட்டுப் பார்த்தால் வாழை.

"வாழைக்குப் பேர்ப்பலகை வைச்சிருக்கிறாங்கள்," என்றா அன்ரி.

"லத்தீனில, அன்ரி."

"அது வாழைக்குத் தெரியுமோ?"

பொங்கலுக்குப் பிறகு அன்ரி விட்ட முதல் பகிடி அது. மிதுசன் அளவுக்கு அதிகமாகச் சிரித்தான். பக்கத்து மர வாங்கில் கோட்டைத் தலையணையாக்கி நித்திரை கொண்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் கண் திறந்து பார்த்தார்.

மல்லிகை கண்ணில் படும் முன்னமே மணந்தது. அன்ரி நடையை நிறுத்தி, மூச்சை இழுத்து, மணம் வந்த பக்கமாகப் போனா. இடுப்பளவு செடி. அங்கங்கே வெள்ளைப் பூ. இரண்டு மூன்று நிலத்திலும் கிடந்தன.

"நிலத்தில கிடக்கிறதை எடுக்கலாம்போல, அன்ரி. ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"விழுந்த பூ சாமிக்கு ஆகாது."

சொல்லிவிட்டு அன்ரி கைப்பையைத் திறந்தா. சிப் வைத்த பிளாஸ்ரிக் பை ஒன்றுக்குள் ஈரத் துணி, துணிக்குள் ஒரு கொப்பு. குப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சாடியிலிருந்து ஒடித்து வந்திருக்கிறா. அதை மல்லிகைக் கிளைக்குப் பக்கத்தில் பிடித்தா.

"நீ படிச்ச பிள்ளை. வடிவாப் பார்த்துச் சொல்லு. ரெண்டும் ஒண்டோ?"

மிதுசன் பார்த்தான். மல்லிகை இலை அகலம், மெல்லிசு, இளம்பச்சை. அன்ரியின் கையில் இருந்தது ஒடுக்கம், தடிப்பு, கரும்பச்சை. தூரத்து வாங்கில் இருந்த கிழவரைக் கேட்டிருந்தாலும் சரியாகச் சொல்லியிருப்பார். அன்ரி செடியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா.

"ஒண்டுதான், அன்ரி."

"இது அகலமாக் கிடக்கே?"

"இஞ்ச வெக்கை, ஈரம். உங்கட வீட்டு ஹீட்டர் காத்துக்கு இலை சுருங்கித்தானே போகும்."

"அப்ப ஃபோன் சொன்னது?"

"அதுக்கு இந்த ஊர்ச் செடியை விட்டால் வேற என்ன தெரியும்? எதைக் காட்டினாலும் வேலிச் செடி எண்டுதான் சொல்லும். எங்கட வீட்டுக் கறிவேப்பிலைச் செடியையும் அப்பிடித்தான் சொன்னது."

அவர்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடி இல்லை. கறிக்குத் தட்டுப்பட்டால் அம்மா மேல்மாடிக்குத்தான் ஆள் அனுப்புவா. அது அன்ரிக்கும் தெரியும்.

அன்ரி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு கொப்பை ஈரத் துணியில் பக்குவமாகச் சுற்றிப் பைக்குள் வைத்தா.

"அந்த மனுசன் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை," என்றா.

"இல்லை, அன்ரி."

"சாடி அந்தக் குளிருக்கை நிக்குது. உள்ளுக்க எடுத்து வைக்கோணும்."

"நான் தூக்கிக்கொண்டு வந்து வைக்கிறன்," என்றான் மிதுசன். அன்ரி ஒன்றும் கேட்காமலே, மெதுவாகச் சேர்த்துச் சொன்னான்: "நேற்றும் பார்த்தனான். ஒரு இலைகூடக் கொட்டேல்ல."